கொழுந்தின் தரமும் தொழிலாளர் ஊக்கமும்

பைக்காரா மலைச்சரிவுகளில் தேயிலை பயிரிடும் அன்பர்கள், பறிப்போர் முற்றிய இலையைக் கலந்துவிடுகிறார்கள் என்று குறை கூறுவதுண்டு. ஆளைப் பழிக்குமுன் செய்கையை ஆராய்தல் நலம்.

அமெரிக்க உளநூல் அறிஞர் ஸ்கின்னரின் (1904-1990) கொள்கையினின்று வளர்ந்த நடத்தை ஆய்வு முறை, ஒரு செய்கைக்கு முன் நிகழ்வது யாது, பின் விளைவது யாது என்று நோக்குகிறது. எடைக்கு மட்டும் கூலி அளித்தால் எடையே பெருகும். ஆகையால், 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்பதைக் காலையிலேயே பறித்துக் காட்டுங்கள். நிறுக்கும்போது ஒரு பிடி எடுத்து, நல்ல கொழுந்தை எண்ணி, பறித்தவரிடமே அப்போதே கூறுங்கள். தேறியிருப்பின் பாராட்டுங்கள், குறைந்திருப்பின் ஏசாது காரணம் கேளுங்கள். உரிய நாளில் பறிக்காது விட்டதால் இலை முற்றியிருப்பின், பிழை நம்முடையதே.

இந்தியத் தேயிலைத் தோட்டம் ஒன்றைப் பற்றிய ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. அடிப்படைக் கூலி உயர்ந்த அடுத்த மாதம் பறிப்பு 20 முதல் 80 சதவீதம் வரை மிகுந்தது; பின்வந்த மாதங்களில் அவ்வேற்றம் முற்றும் மறைந்தது. எனவே முதல் மாத உற்சாகத்தைக் கண்டு நின்றுவிடாது, வாரந்தோறும் எண்ணிக் குறித்து வாருங்கள்.

ஒன்றை மறத்தலாகாது: நியாயமான கூலி தொழிலாளரின் உரிமை, பாராட்டு அதற்கு ஈடாகாது.