தீபாவளி போனஸும் புதுக் கேமும்

அரியலூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. என் அக்கா, அதாவது உன் அம்மா, முழங்கால் வலிக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று நீதான் கவனிக்க வேண்டும். கேட்டால் "அதெல்லாம் போடுறேன்" என்றுதான் சொல்வாள்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நவம்பர் 8 தீபாவளி, அதற்கு முன்னாடியே போனஸ் கைக்கு வந்துவிடும், நவம்பர் 19 ஜிடிஏ 6 கேம் வருகிறது, போனஸை முன்பணமாகக் கட்டி பிஎஸ்5 மெஷினைத் தவணையில் எடுத்துவிட்டால் முதல் நாளே ஆடலாம், என்ன சொல்றீங்க மாமா என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் நான் வேண்டாம் என்பேன், நீ "சரிங்க மாமா" என்பாய், அதோடு பேச்சு முடிந்துவிடும். சம்பாதிக்கிற பிள்ளையிடம் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொல்வது சரியில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேமே ஆடாதே என்று சொல்ல வரவில்லை. டிவியில் கேசட் செருகி ஆடிய காலத்திலிருந்து நானும் ஆடுகிறவன்தான். ஷிப்ட் முடித்து வந்து ஒரு மணி நேரம் ஆடுவதில் யாருக்கும் நட்டமில்லை. எப்போது வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்பதுதான் நம் பேச்சு.

நவம்பர் 19 என்பது அவர்கள் சொன்ன முதல் தேதி இல்லை. 2023 டிசம்பரில் டிரெய்லர் வந்தபோது 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். அதற்கும் பிறகுதான் இந்தத் தேதி. அதுவும் பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மெஷின்களுக்கும்தான் அறிவித்தார்கள், கம்ப்யூட்டருக்கு இல்லை. ஜிடிஏ செய்கிற கம்பெனியின் வழக்கமே அதுதான். ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலுக்கு 2018 அக்டோபர், கம்ப்யூட்டருக்கு 2019 நவம்பர். அந்த ஜிடிஏ 5-ஐ 2020 மே மாதம் எபிக் என்ற ஆன்லைன் கடை ஒரு வாரம் சும்மாவே கொடுத்தது. ஏழு வருஷத்துக்குள் முழு விலையிலிருந்து இலவசம் வரைக்கும் இறங்கிய பொருள் அது.

உங்கள் வீட்டு வெங்காயப் பட்டறையையே எடுத்துக்கொள். தரையில் கல் பரப்பி, மேலே குச்சி அடுக்கி, காற்றுப் புகும்படி படல் கட்டி, கீற்று போட்டு மூடி, அக்கா சின்ன வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிறாள். அறுவடை சமயத்தில் செட்டிகுளம், ஆலத்தூர், பாடாலூர் என்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் காய் வந்து விலை விழுந்துவிடும். சில மாதம் பொறுத்தால் ஏறலாம். அந்தப் பொறுமைக்கு அவள் என்ன கொடுக்கிறாள் என்பதை நீ கண்ணால் பார்த்து வளர்ந்தவன். எடை வற்றுகிறது, முளை விடுகிறது, ஈரம் ஏறினால் அழுகுகிறது. படலைப் பிரித்து உட்கார்ந்து அழுகலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறாள், கை நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. விற்கிறவள் காத்திருந்தால் பொருள் கெடுகிறது. கேம் வாங்குகிறவன் காத்திருந்தால் பொருள் கெடுவதில்லை. பெரும்பாலும் முன்னைவிட நன்றாகிறது, விலையும் இறங்குகிறது. அக்காவுக்குக் கிடைக்காத வசதி உனக்குக் கிடைத்திருக்கிறது. அதை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நன்றாகிறது என்று சொன்னது வெறும் பேச்சில்லை. சைபர்பங்க் 2077 கதை உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். அறிவிப்பு வந்தது 2012-இல். விட்சர் 3 செய்த போலந்துக் கம்பெனி என்பதால் உலகமே கண்ணை மூடிக்கொண்டு முன்பதிவு செய்தது. 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. பிஎஸ்4-இல் ஆடியவர்களுக்குப் படம் திக்கித் திக்கி ஓடியது, திடீர் திடீரென்று நின்று வெளியே தள்ளியது. டிசம்பர் 18 அன்று சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. மறுபடி அந்தக் கடைக்கு வந்தது 2021 ஜூனில்தான். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு முதலில் திட்டியவர்களே பாராட்ட ஆரம்பித்தார்கள். முழு விலை கொடுத்தவன் அரைவேக்காட்டை ஆடினான், மூன்று வருஷம் பொறுத்துப் பாதி விலைக்கு வாங்கியவன் முழுசாக ஆடினான். முன்பதிவு என்பதற்கு டிஸ்க் தட்டுப்பாடு இருந்த காலத்தில் ஓர் அர்த்தம் இருந்தது. டவுன்லோடு தீர்ந்துபோகாது. ஆகவே எந்தக் கேமுக்கும் முன்பதிவு செய்யாதே. இதில் நான் விலக்கே கொடுக்க மாட்டேன்.

முதல் வாரத்தில் வாங்குவதே தப்பா என்றால், தப்பில்லை. கூட்டாளிகள் எல்லாரும் அதே வாரம் சேர்ந்து ஆடுகிறார்கள் என்றால் முழு விலை தகும். அந்தச் சிரிப்பும் சண்டையும் ஒரு வருஷம் கழித்துத் தள்ளுபடியில் கிடைக்காது. ஆனால் உன் கூட்டாளிகள் யாரிடம் பிஎஸ்5 இருக்கிறது? எல்லாரும் லேப்டாப்தான் என்று நீயே சொன்னாய். அப்படியிருக்க, நவம்பர் 19 அன்று நீ தனியாகத்தான் உட்கார்ந்து ஆடப்போகிறாய். இன்னொன்றும் யோசி. ஜிடிஏ 5-இன் ஆன்லைன் பகுதி கேமோடு வரவில்லை, இரண்டு வாரம் கழித்து 2013 அக்டோபர் 1 அன்றுதான் திறந்தார்கள். திறந்ததும் பல நாள் உள்ளேயே போக முடியாமல் சர்வர் திணறி, கடைசியில் ஆடியவர்களுக்குக் கேமுக்குள் செலவழிக்கும் பணத்தை ஈடாகக் கொடுத்தார்கள். ஆன்லைனையே நம்பி இருக்கிற கேம் என்றால் இன்னும் ஆபத்து. சோனியின் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. செப்டம்பர் 6 அன்று கடையை மூடிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். யூபிசாஃப்ட் தன் தி க்ரூ கேமின் சர்வரை 2024 மார்ச் கடைசியில் நிறுத்தியது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்கள்கூட அதற்குப் பிறகு அதை ஆட முடியவில்லை.

இனி விலை. நிறையப் பேர் மணிக்கு இத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்க்கிறார்கள். 3,000 ரூபாய்க் கேம் 100 மணி நேரம் ஓடினால் மணிக்கு 30 ரூபாய்தானே, மலிவு என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்காது. வாரத்தில் ஆறு நாள் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு காட்டு வேலை. உனக்கு 100 மணி நேரம் எங்கிருந்து வரும்? நான் பார்க்கிறது வேறு. பாதியில் அலுத்துப்போய் விட்டுவிட்டால், போனால் போகட்டும் என்று மனசறிந்து சொல்ல முடிகிற தொகை எது? அதுதான் அந்தக் கேமுக்கு உன் விலை. அதற்குமேல் கொடுத்துவிட்டால், பிடிக்காவிட்டாலும் காசு வீணாகிறதே என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆடுவாய். அது விளையாட்டில்லை, இன்னொரு ஷிப்ட்.

அந்தத் தொகையைத் தள்ளுபடி வருவதற்கு முன்னாலேயே ஒரு நோட்டில் எழுதிவை. வந்த பிறகு எழுதினால் கடைக்காரன் விலைதான் உன் கையெழுத்தில் இருக்கும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் அந்தப் பச்சைக் கட்டத்துக்குள் "-75%" என்று பார்த்ததும் விரல் தானாகப் போகும். நோட்டில் இல்லாத கேம் என்றால் அது 90 சதவீதம் என்றாலும் உனக்குச் செலவுதான், மிச்சமில்லை. பெரிய தள்ளுபடி வருஷத்துக்கு நாலு தடவை வரும். 2025-இல் மார்ச் நடுவில், ஜூன் கடைசியில், செப்டம்பர் கடைசியில், டிசம்பர் 18 முதல் ஜனவரி 5 வரைக்கும் என்று வந்தது. கேமை விஷ்லிஸ்டில் போட்டுவைத்தால் விலை இறங்கும்போது மெயில் வந்துவிடும். இதற்கு முன் எந்த அளவுக்கு இறங்கியது என்பதை ஸ்டீம்டிபி பக்கத்தில் ரூபாயிலேயே பார்க்கலாம். 3,199 ரூபாய் போட்டிருந்த ரெட் டெட் 2, 75 சதவீதத் தள்ளுபடியில் 800 ரூபாய்க்கு வந்திருக்கிறது. ஒரு தடவை அந்த விலைக்கு வந்த பொருள் மறுபடியும் வரும், பதறாதே.

வாங்கியதும் சும்மா போட்டு வைக்காதே. 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். லேப்டாப் சூடேறுகிறதா, படம் திக்குகிறதா என்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்த்து முடிவு செய்துவிடு.

பொறு, பொறு என்று இவ்வளவு சொன்ன நானே, பொறுக்காமல் முழு விலைக்கு வாங்கு என்று சொல்கிற கேமும் இருக்கிறது. வெண்பா என்று ஒன்று. டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2023 ஜூலை 31-இல் வெளியானது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம்; அந்த வீட்டு அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்துவிட்ட சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது; அழிந்ததை நீ யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. தட்டை எப்படி அடுக்குவது என்று யோசிக்கும்போது உனக்கு அக்காவின் அடுப்படி ஞாபகம் வரும். பையன் வளர வளரத் தமிழை விட்டு விலகுவதும், அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் தொண்டையை அடைக்கும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மணிக்கணக்குப் பார்க்கிறவன் விலை அதிகம் என்பான். ஆனால் 2024-இல் பாஃப்டாவில் சிறந்த அறிமுகக் கேம் விருதை அதற்குக் கொடுத்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து செய்கிற கேமுக்கு முதல் சில வாரம் வருகிற காசுதான் அடுத்த கேமுக்கு வழி. ரெட் டெட் செய்கிறவர்கள் உன் 2,400 ரூபாய் இல்லாமல் பிழைத்துக்கொள்வார்கள். அதேபோல ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்து 2016-இல் வெளியிட்டார். இங்கே ஐந்நூறு ரூபாய்க்குள்தான். பத்து வருஷமாகப் புதுசு புதுசாகச் சேர்க்கிறார், அதற்குத் தனியாகக் காசு கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் பேரம் பேசாதே.

"ஆஃப்லைன் ஆக்டிவேஷன்" என்று வாட்ஸ்அப்பில் இருநூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதே. யாரோ ஒருவன் அக்கவுண்டில் உன்னை உள்ளே விட்டு வெளியே போகச் சொல்கிறான். அது என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுபோகும், கேட்க ஆளிருக்காது. க்ராக்கும் வேண்டாம், அதே லேப்டாப்பில்தான் அக்காவின் பேங்க் கணக்கையும் பார்க்கிறாய். போனில் ஆடுகிற பிஜிஎம்ஐ-யில் துப்பாக்கிக்குச் சாயம் பூச யூசி என்கிற கேம் காசு வாங்குவதையும் குறைத்துக்கொள். 2022 ஜூலையில் அந்த ஆப்பே கடையிலிருந்து காணாமல்போய் அடுத்த வருஷம் மே மாதம்தான் திரும்பியது.

பிஎஸ்5 விஷயத்துக்கு வருகிறேன். உன் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கேம் விலை இறங்கும், ஆனால் மெஷின் விலை ஏறவும் செய்யும். 2021 பிப்ரவரியில் 49,990-க்கு இங்கே வந்தது, 2022 நவம்பரில் 54,990 ஆனது. ஆனால் 2023 ஆடியில் அதற்கே 7,500 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். ஆக, மெஷினையும் தள்ளுபடி பார்த்துத்தான் எடுக்க வேண்டும். புதுக் கேம் வருகிற வாரத்தில் குறைப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. கேம் விலை தனி. சோனியின் பெரிய கேம்களே இங்கே 4,999 ரூபாய்க்குப் போயிருக்கின்றன, ஜிடிஏ அதைவிடக் குறைவாக வரும் என்று நினைக்காதே. கூட்டாளிகளோடு ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேறு கட்ட வேண்டும். ஷோரூமில் இதையெல்லாம் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள், மாதம் இவ்வளவுதான் என்று தவணையை மட்டும் சொல்வார்கள்.

ஆகவே இந்தத் தீபாவளிக்கு வேண்டாம். போனஸில் பாதியை அக்கா கட்டுகிற சீட்டில் சேர். மீதியில் தனியாக ஒரு தொகையை மெஷினுக்கென்று ஒதுக்கிவிடு, அதைப் பற்றி நான்கூடக் கேட்க மாட்டேன். ஒன்றிரண்டு வருஷத்தில் ஜிடிஏ கம்ப்யூட்டருக்கு வந்தால் கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்தே வாங்குங்கள். வராமல் போனால், முழுத் தொகையும் கையில் இருக்கும்போது பிஎஸ்5 எடு, தவணை இல்லாமல். எடுக்கும்போது டிஸ்க் போடுகிற மாடலாகப் பார். ஆடி முடித்த டிஸ்க்கைத் திருச்சியில் விற்றால் பாதிக்கு மேல் காசு திரும்பும்.

அதுவரைக்கும் ரெட் டெட் 2 ஆடு. அதே கம்பெனிதான், கதை ஜிடிஏ-வைவிட எனக்குப் பிடித்தது. நோட்டில் 800 என்று எழுதிக்கொள். லேப்டாப்பில் 150 ஜிபி இடம் வேண்டும். ஊர்ப்பக்கம் நெட் ராத்திரியில்தான் ஓடும் என்பதால் டவுன்லோடுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள். கிராபிக்ஸ் கார்டு பெயரையும் ரேம் எவ்வளவு என்பதையும் எனக்கு அனுப்பு, தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தாய்மாமன்