டெல்லிக் குளிருக்கு மூவாயிரம் ரூபாய்

டிசம்பர் கடைசியில் டெல்லிக்கு டிக்கெட் எடுத்தவுடன் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். சொந்தக்காரர்களிடம் ஸ்வெட்டர் இரவல் கேட்போம். இல்லாவிட்டால் தி.நகரில் நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு தடித்த ஜாக்கெட் வாங்குவோம். இரண்டுமே வேண்டாம். இரவல் ஸ்வெட்டர் தோள் தொங்கி, கை நீண்டு, எல்லாப் படங்களிலும் இரவலாகவே தெரியும். நாலாயிரம் ரூபாய் ஜாக்கெட், ஊர் திரும்பியதும் பீரோவில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். குளிருக்கான துணி மலிவாகவும் வகைவகையாகவும் கிடைக்கும் ஊருக்கே போகிறீர்கள். பாதிப் பெட்டியைக் காலியாக விட்டுக் கிளம்புங்கள். கையில் மூவாயிரம் ரூபாய் இருந்தால் ஒருவருக்குத் தாராளம்.

முதலில் அந்தக் குளிரைப் புரிந்துகொள்ளுங்கள். ஜனவரியில் விடியற்காலை 7, 8 டிகிரி இருக்கும். சில நாள் 4 டிகிரிக்கும் கீழே இறங்கும். வெயில் வந்துவிட்டால் மதியம் 20 டிகிரியை ஒட்டி ஏறும். மூடுபனி விலகாத நாளில் மதியமும் காலையைப் போலவே இருக்கும். ஊட்டியில் குளிரைப் பார்த்திருக்கிறேன் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். டெல்லியில் வீட்டுக்குள்ளும் குளிரும். சுமாரான வாடகை விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. ஹீட்டர் கேட்டால் தனிக் காசு. ஆனால் மெட்ரோவில் ஏறினால் கூட்டத்தின் புழுக்கத்தில் வியர்க்கும். ஆக, ஒரே நாளில் நாலைந்து முறை உடையைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். தலை வழியாக மாட்டும் கனத்த ஸ்வெட்டர் இதற்குச் சரிப்படாது. முன்பக்கம் திறக்கிற உடைகள்தான் அங்கே தோது.

அடுக்கு மூன்று போதும். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் மெல்லிய ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். மலிவு ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் அக்ரிலிக் நூல். சூடு தரும், ஆனால் காற்றைத் தடுக்காது. சாயங்காலம் இந்தியா கேட் பக்கம் நடந்தால் தெரியும், எவ்வளவு தடித்த ஸ்வெட்டரும் சல்லடைதான். அதே இடத்தில் மெல்லிய ஸ்வெட்டரும் அதன்மேல் ஒரு விண்ட்சீட்டரும் போட்டவர் நிம்மதியாகச் சோளம் தின்றுகொண்டிருப்பார். துணிகளுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் உடம்புச் சூட்டைக் காப்பாற்றுகிறது. மெல்லிய அடுக்குகளில் இன்னொரு லாபம், நீங்கள் மூட்டை மாதிரித் தெரிய மாட்டீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியவை கொஞ்சம்தான். தெர்மல் ஒரு செட்டை இங்கேயே வாங்கிவிடுங்கள். ஐந்நூறு, அறுநூறுக்குச் சாதாரண பிராண்டில் கிடைக்கும். உள்ளாடை வகையறாவை வெளியூர் நடைபாதையில் வாங்க வேண்டாம். ஒரு நல்ல ஜீன்ஸ், இன்னொரு அடர்நிற பேன்ட், அளவாகப் பொருந்துகிற முழுக்கைச் சட்டைகள், பெண்களானால் பருத்திக் குர்தாக்கள். மூடுபனி நாளில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அதனால் சட்டை கூடுதலாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வாய் குறுகலான பாட்டிலில் கொண்டுபோனால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு எண்ணெய் இல்லாத தலையோடுதான் கிளம்ப வேண்டும். அகலவாய் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். உதட்டுக்கு வாஸ்லின், முகத்துக்கு க்ரீம், புகைமூட்டத்துக்கு என்95 முகக்கவசம், இவை அவசியம்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து இரவில் கிளம்பி, மறுநாள் இரவு போபாலைத் தாண்டும்போது ஸ்லீப்பர் பெட்டியில் ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர் வந்து கணுக்காலைப் பிடிக்கும். ஸ்லீப்பரில் போர்வை தர மாட்டார்கள். எனவே தெர்மலும் ஒரு போர்வையும் ஒரு ஜோடி சாக்ஸும் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும்.

இனி துணி வாங்கப் போக வேண்டிய சந்தை, சரோஜினி நகர். மெட்ரோவில் மஞ்சள் தடத்தில் வந்தால் டில்லி ஹாட்–ஐ.என்.ஏ.வில் இறங்கி இளஞ்சிவப்புத் தடத்துக்கு மாறுங்கள்; அடுத்த நிலையமே சரோஜினி நகர். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை, சின்னக் குறை காரணமாகத் திருப்பப்பட்டவை, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கோட்டுகள் எல்லாம் இங்கே மேசைமேல் குவியலாகக் கிடக்கும். மேசைமேல் ஏறி நின்று விற்பவர் விலையைக் கூவிக்கொண்டே இருப்பார். திங்கட்கிழமை சந்தைக்கு விடுமுறை. சனி, ஞாயிறு கூட்டத்தில் துணியைப் பார்க்க முடியாது, பக்கத்தில் நிற்பவர் முதுகைத்தான் பார்க்கலாம். வேலைநாளில் காலை பதினோரு மணி வாக்கில் போவது நல்லது.

நடைபாதையில் போட்டுப் பார்க்க அறை கிடையாது. மாற்றித் தருவதும் கிடையாது. அதனால் உடம்போடு ஒட்டிய ஒரு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போனால் அங்கேயே மேலே மாட்டிப் பார்க்கலாம். கோட்டை எடுத்தவுடன் விலை கேட்காதீர்கள். முதலில் ஜிப்பை மேலும் கீழும் இரண்டு முறை இழுங்கள். நடுவில் சிக்கினால் கீழே வையுங்கள், ஜிப் மாற்றும் செலவும் அலைச்சலும் கோட்டின் விலையைத் தின்றுவிடும். அக்குள் தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பொத்தான்களை எண்ணுங்கள். கோட்டின் கைக்குள் உங்கள் கையை விட்டு உள்துணி கிழிந்திருக்கிறதா என்று தடவுங்கள். விரல் எங்காவது மாட்டினால் கிழிசல். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் பூச்சி அரித்த துளைகள் தெரிந்துவிடும். கடைசியாகக் காலரை முகர்ந்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், பக்கத்தில் நிற்கும் டெல்லிக் கல்லூரிப் பெண்ணும் அதைத்தான் செய்துகொண்டிருப்பாள்.

தோள்தான் முக்கியம். கையின் நீளத்தையும் இடுப்பையும் தையல்காரர் சரிசெய்துவிடுவார். தோள் இறங்கிய கோட்டைச் சரிசெய்வது பெரிய வேலை, மலிவு கோட்டுக்கு அது கட்டாது. தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் உட்கார்ந்தால், முந்நூறு ரூபாய் கோட்டும் மூவாயிரம் ரூபாய் கோட்டு மாதிரி நிற்கும். வாங்கிய கையோடு சந்தையை ஒட்டி மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரர்களிடம் கை நீளத்தைக் குறைத்து வாங்கிவிடலாம்.

பேரத்தில் ஒரு வித்தியாசம் பாருங்கள். கூவி விற்கிற குவியல்களில் சொன்ன விலைதான், நூறு என்றால் நூறு. அங்கே பேரம் பேசினால் அவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஹேங்கரில் தொங்குபவைக்குத்தான் பேரம். “பையா, சஹி தாம் லகாவோ” (அண்ணா, சரியான விலை சொல்லுங்கள்) என்று தொடங்கி, சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே கேளுங்கள். ஒத்துவரவில்லையென்றால் நடையைக் கட்டுங்கள். நாலடி போவதற்குள் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் அவர் சொன்னது நியாய விலை என்று அர்த்தம், திரும்பிப் போய் வாங்கிக்கொள்ளலாம், அதில் மானம் போவது ஒன்றுமில்லை. நல்ல ஜாக்கெட் சுமார் ஐந்நூறு, எண்ணூறுக்குள் முடியும். பழைய கோட்டை வாங்கினால் அன்றே ட்ரைக்ளீனிங் கொடுத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

ஸ்வெட்டருக்கு சரோஜினியைவிட திபெத்தியர் கடைகள் மேல். நமக்குத் திருப்பூர் போல வடக்கே கம்பளிப் பின்னலுக்கு லூதியானா. குளிர்காலத்தில் இந்தியா முழுக்கத் திபெத்தியர்கள் விற்கும் ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் அங்கே பின்னப்பட்டவைதான். காஷ்மீரி கேட் பேருந்து நிலையம் பக்கம் உள்ள மொனாஸ்டரி மார்க்கெட்டில் பேரம் குறைவு, தரம் சீர். கழுத்துவரை மூடும் ஹைநெக் ஒன்றை அங்கே வாங்கச் சொல்வேன். ஆண்களுக்கு அதன்மேல் ஏதாவது ஒரு கோட்டைப் போட்டால் போதும், சட்டை காலர், டை என்று எதுவும் தேவையில்லை. பெண்கள் ஹைநெக்கை ரவிக்கையாகப் போட்டு அதன்மேல் சேலை கட்டலாம். டெல்லியில் அலுவலகம் போகும் பெண்கள் பலர் குளிர்காலத்தில் இப்படித்தான் கட்டுகிறார்கள். பச்சைப் பட்டுக்குக் கறுப்பு ஹைநெக் அத்தனை எடுப்பாக இருக்கும். உள்ளே பாவாடைக்குக் கீழ் தெர்மல் லெகிங்ஸ் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பட்டு நல்ல சூடு தரும் துணி என்பதால், ஊரில் கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் சேலையை இந்தப் பயணத்தில் தயங்காமல் கட்டலாம்.

சால்வையில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜன்பத் சந்தையில் முந்நூறு ரூபாய்க்கு “அசல் பஷ்மினா” என்பார்கள். மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துக் காட்டுவார்கள். மெல்லிய விஸ்கோஸ் துணியும் மோதிரத்துக்குள் நுழையும். அந்த வித்தைக்கு மதிப்பில்லை. ஓரத்து நூல் ஒன்றைப் பிய்த்து நெருப்பில் காட்டினால், கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியாக உதிரும்; அக்ரிலிக் போன்ற செயற்கை நூல் உருகி மணியாகத் திரளும். அசல் பஷ்மினா ஆயிரக்கணக்கில் விலை போகும் பொருள், நம் மூவாயிரத்துக்குள் அதை நினைக்கவே வேண்டாம். பஷ்மினா இல்லை என்று தெரிந்தே அந்த முந்நூறு ரூபாய் சால்வையை இருநூற்றைம்பதுக்கு வாங்குங்கள். அழகான பொருள்தான். கழுத்தில் சுற்றினால் மஃப்ளர், கோயிலில் தலைக்கு முக்காடு, ரயிலில் போர்வை.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது போகப்போகும் இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையும் ஹுமாயூன் கல்லறையும் சிவப்புக் கல். சிவப்பு, காவி, பழுப்பு கட்டினால் சுவரோடு சுவராகப் போய்விடுவீர்கள். கடுகு மஞ்சள், மயில் நீலம், பாட்டில் பச்சை எடுத்துக்காட்டும். பனிமூட்டத்தில் சாம்பல் நிறம் காணாமலே போகும். வெள்ளை வேண்டாம், டெல்லித் தூசியில் சாயங்காலத்துக்குள் அதுவும் சாம்பல்.

ஆண்களுக்கு ஒரு நல்ல பொருளில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால், கையில்லாத சத்ரி. நேரு ஜாக்கெட் என்று நாம் சொல்வது. கனாட் பிளேஸில் ரீகல் கட்டடத்தில் உள்ள காதி கிராமோத்யோக் பவனில் கம்பளித் துணியிலும் கிடைக்கும். நம் பட்ஜெட்டுக்கு இது வெளியேதான். ஆனால் ஊர் திரும்பியபின் மார்கழிக் கச்சேரிக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் போடலாம் என்பதால், ஜாக்கெட்டை விட்டுவிட்டு இதை வாங்கினாலும் தப்பில்லை. குரங்குக் குல்லாவை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும். காதை மூடச் சாதாரணக் கம்பளித் தொப்பி நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைக்கிறது.

செருப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நாளுக்குப் பத்து கிலோமீட்டர் நடப்பீர்கள், புது ஷூ கடிக்கும். ஊரில் பழகிய அடர்நிற ஷூவைப் பாலிஷ் போட்டு எடுத்துச்செல்லுங்கள். வாங்குவதென்றால் ஜன்பத்தில் ஜுத்தி என்கிற தோல் காலணி வாங்கலாம். பழைய பாணி ஜுத்தியில் இடது, வலது வேறுபாடு கிடையாது. போடப் போடத்தான் தோல் உங்கள் காலுக்குப் படியும். முதல் நாளே அதோடு சாந்தினி சௌக் சுற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

பங்களா சாஹிப் குருத்வாராவில் தலையை மூட வேண்டும், காலணியை விட்டுவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போக வேண்டும். காலைக் குளிரில் பளிங்குத் தரை பனிக்கட்டிதான். சாக்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மதியம் வெயிலில் போங்கள். அக்ஷர்தாமில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்; கைப்பேசி, பை எதற்கும் அனுமதி இல்லை என்பதால் உள்பாக்கெட் உள்ள ஜாக்கெட் உதவும். ஜாமா மசூதிக்கும் நிஜாமுதீன் தர்காவுக்கும் சால்வை போதும்.

சாந்தினி சௌக்கை ஒட்டிய கினாரி பஜார் குறுகலான சந்து. இரண்டு பக்கமும் ஜரிகை, கோட்டா லேஸ் சுருள் சுருளாகத் தொங்கும். ஊரிலிருந்து ஒரு சாதாத் துப்பட்டாவைக் கொண்டுபோய், நிறத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நாலு பக்கத்துக்குமாக ஏழெட்டு மீட்டர் லேஸ் வாங்குங்கள். இரவில் அறையில் உட்கார்ந்து தைத்தால் மறுநாள் புதுத் துப்பட்டா. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

கடைசியாக ஐந்து, பத்து ரூபாய் விஷயம் ஒன்று. டெல்லித் தெருமுனைகளில் மரத்தடியில் மேசை போட்டுக் கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுக்கும் பிரெஸ்வாலா இருப்பார். காலையில் துணியைக் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் தேய்த்துவிடுவார். பெட்டியில் கசங்கிய குர்தாவும் நடைபாதையில் வாங்கிய கோட்டும் அவர் கைக்குப் போய் வந்தால் வேறு துணியாகிவிடும். கோட்டைத் தேய்க்கும்போது மேலே ஈரத்துணி போடச் சொல்லுங்கள். அக்ரிலிக் ஸ்வெட்டரை அவரிடம் கொடுக்காதீர்கள், பளபளவென்று தடம் விழுந்துவிடும்.

திரும்பும்போது விமானம் என்றால் கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள், பெட்டியின் எடை மிச்சம். சென்னையில் இறங்கியதும் கழற்றி, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, பழைய வேட்டியில் சுற்றி அந்துருண்டையோடு பீரோவில் வைத்தால் அடுத்த கொடைக்கானலுக்கு ஆகும்.