விஷம் வேண்டாம், வேலி போதும்! – வீட்டுத் தோட்டப் பாடம்



வீட்டுத் தோட்டம் போடுவது பற்றி நம் குழுக் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். விதை வாங்கினோம், பாத்தி கட்டினோம், பாத்திரம் கழுவுகிற தண்ணீரைத் திருப்பி விட்டோம். ஆனால் கே.ஜி.கண்டிகை பக்கத்துக் குழுக்களில் இப்போது அதிகம் கேட்கிற பேச்சு வேறு. "கீரை முளைச்சா கோழி கிளறுது. கத்திரி தளிர்த்தா ஆடு மேயுது. தக்காளி பழுத்தா குரங்கு வந்துடுது. அப்புறம் யாருக்கும்மா தோட்டம் போடறது?" என்று கேட்கிறார்கள்.

வெறுத்துப்போய்ச் சிலர் தோட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். சிலர் எலி மருந்து வாங்கி வைக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். வயலில் செய்வதை வீட்டுத் தோட்டத்தில் செய்ய முடியாது. இங்கே நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், நம் கோழி மேய்கிறது. அதனால் கொல்லுகிற வழியை விட்டு, வராமல் தடுக்கிற வழியைப் பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்கு. வாரம் 100 ரூபாய்க்குக் கீரை, காய் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 5,200 ரூபாய். அதில் பாதியைத் தோட்டம் மிச்சப்படுத்தினால்கூட 2,600 ரூபாய் நம் கையில் நிற்கும். வேலிக்காக ஒரு வாரம் உழைப்பது வீண் இல்லை.

யார் வந்தது என்று முதலில் பாருங்கள்

காலையில் எழுந்ததும் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தளிரும் இலையும் மேலாகக் கடிபட்டு, குளம்புத் தடம் இருந்தால் ஆடு. மண் கிளறி நாற்று புரண்டு கிடந்தால் கோழி. ராத்திரியில் செடி அடியோடு அறுபட்டு, பக்கத்தில் வளையும் புழுக்கையும் இருந்தால் எலி. பகலில் கிளை ஒடிந்து, பழம் பாதி கடித்துப் போட்டிருந்தால் குரங்கு. விடியலிலும் சாயங்காலமும் இளம் நாற்றைக் கொத்திப் போவது மயில். ஆளைத் தெரிந்துகொள்ளாமல் செலவு செய்யாதீர்கள்.

ஆடு, கோழி: நம் வீட்டுப் பிராணிகள்தான்

இதில்தான் மனஸ்தாபம் அதிகம். ஆடு வாங்கியதும் குழுக் கடனில்தான், தோட்டம் போட்டதும் குழுப் பயிற்சியில்தான். ஒரு உறுப்பினரின் ஆடு இன்னொரு உறுப்பினரின் முருங்கைக் கன்றை மேய்ந்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சந்தாவும் தவணையும் தள்ளிப்போகிறது. ஆட்டைப் பவுண்டில் அடைக்க 1871-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. ஆனால் பவுண்டுக்குப் போனால் பணமும் போகும், உறவும் போகும்.

ஆடு தொடாத செடியிலேயே வேலி போடலாம். ஆடாதொடை, நொச்சி இரண்டையும் ஆடு மேயாது. "ஆடு தொடாத இலை" என்பதால்தான் ஆடாதொடை என்று பேர் வந்தது என்பார்கள். இரண்டும் கட்டை வைத்தாலே வேர் பிடிக்கும். இருமலுக்கு ஆடாதொடை, கொசுப் புகைக்கு நொச்சி என்று வேறு உபயோகமும் உண்டு. இடையிடையே கிளுவைக் கட்டை வைத்தால் முள்ளும் சேரும்.

ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. சதுரமான இடமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 84 அடி வரும். அரை அடிக்கு ஒரு கட்டை என்றால் சுமார் 170 கட்டை வேண்டும். மழை பிடித்த சமயத்தில் நட்டால் தண்ணீர் ஊற்றுகிற வேலை குறையும். வேலி அடர்த்தியாகிற வரை வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போடுங்கள். காயோடு வெட்டாதீர்கள். காயை ஆடு தின்று போடுகிற இடமெல்லாம் முள்செடி முளைக்கும்.

கோழி எதிரி இல்லை, புழு பூச்சியைத் தின்னும். நாற்று வேர் பிடிக்கிற முதல் மூன்று, நான்கு வாரம் மட்டும் பாத்தி மேல் பழைய வலையோ முள் குச்சியோ பரப்பி வைத்தால் போதும்.

எலி: மருந்து வைக்கும் முன் யோசியுங்கள்

பேஸ்ட்டாக விற்கிற எலி மருந்து சிலவற்றில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. உள்ளே போனால் முதல் நாள் ஒன்றும் இல்லாதது போலத் தெரியும். பிறகு ஈரல் கெட்டுப்போகும், உயிரே போகலாம். குழந்தை இனிப்பு என்று நினைத்து வாயில் வைக்கலாம். வீட்டில் ஒரு சண்டை, ஒரு கோபம் வந்த நேரத்தில் அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கக் கூடாது. அப்படி ஏதாவது நடந்துவிட்டால், "நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். குட்டிகள் இரண்டு, மூன்று மாதத்தில் தாமும் குட்டி போடும். அதனால் இரையையும் இடத்தையும் குறைக்க வேண்டும். விறகு, ஓலைக் குவியலைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி வையுங்கள். மிச்சச் சோற்றைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். தானியத்தை மூடி போட்ட டின்னில் வையுங்கள். பொறியைச் சுவர் ஓரமாக வைத்து, சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ வையுங்கள். முதல் இரண்டு நாள் பொறியைப் பூட்டாமல் விட்டால் எலிக்குப் பயம் விடும். சாரைப்பாம்புக்கு விஷம் இல்லை. அதுவும் ஆந்தையும் எலி தின்கிற நம் கூலியில்லா வேலையாட்கள். அடித்துக் கொல்லாதீர்கள்.

வளை அதிகம் இருந்தால் நம் மாவட்டத்து இருளர் மக்களைக் கூப்பிடலாம். வளை பார்த்து எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். முன்பு மண்பானையில் புகை போட்டு வாயால் ஊதுவார்கள். அதனால் வாய் சுட்டுக்கொள்வதும் நெஞ்சில் புகை போவதும் உண்டு. வாயால் ஊதாமல், கையால் சுற்றிப் புகை விடுகிற இரும்புக் கருவியை அவர்களுக்குத் தரும் திட்டத்துக்கு 2003-இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. அவர்களைக் கூப்பிடுகிறவர்கள் பேசிய கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

குரங்கு: பாவம் பார்த்துப் போடும் பழம்

திருத்தணி மலைக்கோயிலுக்கு வருகிறவர்கள் பக்தியோடு பழம், பொரி போடுகிறார்கள். குரங்கு மனுஷக் கையை நம்பிப் பழகிவிடுகிறது. கை நீட்டாதபோது வீட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் வருகிறது. நம் தெருவில் நாம் போடாமல் இருப்பதுதான் முதல் வேலி. ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை, தெருவே நிறுத்த வேண்டும்.

பழுக்கிற வரை விடாமல் தக்காளியைச் செங்காயாகவே பறியுங்கள். வெளி ஓரத்தில் மிளகாய், மஞ்சள், இஞ்சி, பாகல், சேனை வையுங்கள். இவற்றைக் குரங்கு அதிகம் சீண்டுவதில்லை. கொய்யா, பப்பாளி இருந்தால் வீட்டு வாசலுக்குக் கிட்டே, கண் பார்வையில் இருக்கட்டும். குரங்கை முறைத்துப் பார்க்கவோ பல்லைக் காட்டவோ கூடாது. அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எத்தனை ஊசி சொல்கிறார்களோ அத்தனையும் போட வேண்டும்.

மயிலும் மின்சாரமும்

மயில் முருகனின் வாகனம். 1963 முதல் நம் தேசியப் பறவையும்கூட. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. விஷம் கலந்த தானியம் வைப்பதும் கொலைதான். நாற்றங்காலின் மேல் நாலு குச்சி நட்டு, பழைய சேலையையோ வலையையோ கட்டுங்கள். செடி ஒரு அடி வளர்ந்ததும் எடுத்துவிடலாம்.

வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரம் விடுவது கூடவே கூடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. நிலத்துக்காரர் கைதானார். யானையே தாங்காத மின்சாரத்தை, பந்து எடுக்க ஓடுகிற நம் பிள்ளை தாங்குமா?

இந்த மாதக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் தெருவில் எந்தப் பிராணியால் அதிக நஷ்டம்? ஒவ்வொருவரும் சொல்லட்டும்.
2. நாற்று விடும் ஒரு மாதம் ஆட்டைக் கட்டி மேய்க்க முடியுமா? மேய்ந்துவிட்டால் என்ன ஈடு? பணமாக இல்லாமல் ஒரு கூடை எருவாகவோ, பத்து நொச்சிக் கட்டையாகவோ கொடுக்கலாமா? முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
3. யார் வீட்டில் ஆடாதொடை, நொச்சி இருக்கிறது? மழைக்கு முன் கட்டை பங்கிட்டுக்கொள்ளுங்கள்.
4. யார் வீட்டில் எலி மருந்து இருக்கிறது? எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நாலாவது கேள்வியை ஊக்குநர் விடாமல் கேட்க வேண்டும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த இடத்தைப் பாருங்கள்.