வீடியோவும் ஒரு ஜாப் ஒர்க் தான்!
(தொழில் பாடம் – குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்க)



நம்ம பக்கத்தில் ஜாப் ஒர்க் தெரியாத வீடு கிடையாது. பனியன் கம்பெனிக்கு காஜா, பட்டன் எடுத்துச் செய்கிறோம். பீஸ் ரேட் பேசுகிறோம். சாம்பிள் காட்டி ஆர்டர் வாங்குகிறோம். அதே முறையில் செய்யக்கூடிய இன்னொரு தொழிலைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். அது கம்பெனிகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது. யாரிடமும் மாதச் சம்பளத்துக்குச் சேராமல், சொந்தமாக ஆர்டர் பிடித்து, வேலை முடித்து, பில் போட்டுப் பணம் வாங்குவது.

"ஏனுங்க, வீடியோன்னா கல்யாண வீடியோ தானுங்களே?" என்று கேட்பீர்கள். அது வேறு, இது வேறு. கல்யாணத்தில் நடப்பதை எடுக்கிறோம். கம்பெனி வீடியோவில், முதலாளி தன் பார்ட்டிக்கு என்ன சொல்ல நினைக்கிறாரோ அதை 2 அல்லது 3 நிமிஷத்தில் காட்டிக் கொடுக்கிறோம். முகூர்த்த நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

1. பொம்பளைங்களால் முடியுமா?

இந்தக் கேள்விக்கு 1984-லேயே பதில் கிடைத்துவிட்டது. அகமதாபாத்தில் இளா பட் அம்மையார் 1972-ல் தொடங்கிய 'சேவா' சங்கத்தில், 20 பெண்களுக்கு வீடியோ பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் மார்த்தா ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி. கற்றுக்கொண்டவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள், காய்கறி விற்பவர்களும் இருந்தார்கள். பொத்தான்களை அடையாளம் வைத்தே கேமராவைப் பழகினார்கள். பிறகு தங்கள் உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், அதிகாரிகளிடம் தங்கள் நிலைமையைக் காட்டவும் படங்கள் எடுத்தார்கள். அந்த வேலைக்கு 'வீடியோ சேவா' என்று பெயர். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் பஸ்தாபூரிலும் விவசாயக் கூலிப் பெண்கள் கேமரா பிடித்துப் பல படங்கள் எடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்தது சங்க வேலை, நாம் பேசுவது வியாபாரம். ஆனாலும் கேமரா பிடிக்கும் கைக்கு முதலில் வேண்டியது பட்டம் அல்ல, பழக்கம் தான் என்பது அதிலிருந்து தெரிகிறது.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். கோயமுத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தார். 1905-ல் துய்பான் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்ப, அவருடைய சினிமா மெஷினை இவர் விலைக்கு வாங்கினார். உடனே கொட்டகை கட்டவில்லை. கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியது 1914-ல் தான். அதாவது பழைய மெஷினில் தொடங்கி, ஜனங்கள் இருக்கும் இடத்துக்குத் தானே போய், 9 வருஷம் கழித்துத்தான் கட்டிடத்தில் பணம் போட்டார். இந்தத் தொழிலுக்கும் அதே வழி தான்.

2. யாருக்கு வீடியோ வேண்டும்?

நம்மைச் சுற்றிப் பாருங்கள். கோயமுத்தூரில் பம்ப், மோட்டார், கிரைண்டர், பவுண்டரி. திருப்பூரில் பனியன். கரூரில் வீட்டு உபயோகத் துணி. ஈரோட்டில் மஞ்சள், ஜவுளி. பவானியில் ஜமக்காளம். சென்னிமலையில் பெட்ஷீட். பொள்ளாச்சியில் தென்னை நார். இவர்களுக்கு எல்லாம் வீடியோ தேவைப்படும் இடங்கள் உண்டு:

• வெளிநாட்டு, வெளிமாநிலப் பார்ட்டிக்கு நேரில் வராமலே தொழிற்சாலையைக் காட்ட
• கொடிசியா வளாகத்தில் கண்காட்சி நடக்கும்போது ஸ்டாலில் ஓட விட
• பம்ப் வாங்கிய விவசாயிக்கு, அதை எப்படிப் பொருத்துவது என்று சொல்ல
• புதிதாக வேலைக்குச் சேரும் ஆட்களுக்குப் பாதுகாப்பு முறை சொல்லிக் கொடுக்க. வடநாட்டிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு இந்தியில் குரல் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது

பெரிய மில்களுக்கு விளம்பர ஏஜென்சிகள் இருக்கின்றன. நமக்கானது 10 பேர், 20 பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைகள். அங்கே முதலாளியிடமே நேரில் பேசலாம்.

3. முதலில் கை பழகட்டும்

கேமரா வாங்கக் கடன் எழுதுவதற்கு முன், கையில் இருக்கும் செல்போனில் 2 மாதம் பழகுங்கள். எந்த வேலையையும் மூன்று விதமாக எடுங்கள். தூரத்திலிருந்து முழுப் பட்டறை, கொஞ்சம் கிட்டே வேலை செய்யும் ஆள், மிகக் கிட்டே அவர் கையும் பொருளும். ஒவ்வொன்றையும் ஆடாமல் 10 விநாடி எடுத்தால், கோர்க்கும்போது தவிக்க வேண்டாம்.

பட்டறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் நாட்டுக் கரண்ட் 50 சைக்கிள் என்பதால் வருவது இது. கேமராவில் ஷட்டர் என்ற இடத்தில் 50-ல் 1 பங்கு அல்லது 100-ல் 1 பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் பார்க்க மாட்டார்கள். தறி ஓடும் இடத்தில் பேட்டி எடுக்காதீர்கள். ஆபீஸ் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சட்டையில் மாட்டும் மைக்கில் எடுங்கள். அன்று எடுத்ததை அன்றே இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

உடை விஷயம் மிக முக்கியம். ஓடும் மெஷின் பக்கத்தில் சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் ஜடை எதுவும் ஆகாது. சுடிதார் மேல் கோட்டு, முடியைச் சுருட்டித் தொப்பி, காலில் மூடிய செருப்பு. படத்தை விட உயிர் பெரிது.

4. சாம்பிள் பீஸும் பார்ட்டியும்

சாம்பிள் இல்லாமல் ஆர்டர் கேட்க முடியாது. முதல் சாம்பிளை நம் கூட்டமைப்பிலேயே எடுக்கலாம். மசாலாப் பொடி அரைக்கும் குழு, பாக்கு மட்டைத் தட்டு செய்யும் குழு என்று இரண்டு வேலையை, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிஷம் எடுங்கள். அந்தக் குழுவுக்கும் விற்பனைக்கு உதவும்.

பிறகு பார்ட்டி தேடுவது. வீட்டில், சொந்தத்தில் யாராவது பட்டறையில் வேலை செய்வார்கள். அவர்கள் மூலம் முதலாளியைப் பார்க்க நேரம் கேளுங்கள். ஊரில் கண்காட்சி நடந்தால் ஸ்டால் ஸ்டாலாகப் போய், வீடியோ இல்லாத ஸ்டால்களைக் குறித்துக் கொள்ளுங்கள். கூட்டம் இருக்கும்போது பேசாமல், அட்டை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போன் செய்யுங்கள். அச்சகம், ஸ்டிக்கர் கடைக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். நோட்டீஸ் அடிக்க வருகிறவருக்கு வீடியோவும் தேவைப்படலாம்.

போனதும் "வீடியோ எடுக்கறீங்களா?" என்று கேட்காதீர்கள். "வேண்டாம்மா" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "உங்க பார்ட்டிங்க அடிக்கடி கேக்கற கேள்வி என்னங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் தான் நீங்கள் எடுக்க வேண்டிய வீடியோ.

5. ரேட் எப்படிப் போடுவது?

பக்கத்து ஸ்டுடியோவை விடக் குறைத்துச் சொன்னால் ஆர்டர் வரும் என்று நினைக்காதீர்கள். முதலில் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு ஒரு 2 நிமிஷ வீடியோ (தொகைகள் கணக்குப் பழக மட்டும்):

உதவி ஆள் கூலி – ரூ.800
லைட், மைக் வாடகை – ரூ.1,500
போக்குவரத்து, சாப்பாடு – ரூ.700
உங்கள் கூலி: பார்த்துப் பேச அரை நாள், எடுக்க 1 நாள், கோர்க்க 2 நாள், ஆக மூன்றரை நாள் × ரூ.900 – ரூ.3,150
கேமரா தேய்மானம் – ரூ.850
மொத்தம் – ரூ.7,000

இதற்கு மேல் லாபம் ரூ.1,000 வைத்தால் ரூ.8,000. "மூவாயிரம்னா பண்ணுங்க" என்று பார்ட்டி சொன்னால், அது கைச்செலவுக்கு மட்டும் தான் சரி. மூன்றரை நாள் உழைப்பு சும்மா போய்விடும். அப்போது ரேட்டைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். "ஒரு நிமிஷ வீடியோ, லைட் இல்லாம, அரை நாள்ல எடுத்துத் தர்றேனுங்க" என்று சொல்லலாம்.

6. ஒரு சகோதரியின் அனுபவம்

நம் உறுப்பினர் ஒருவர், பெயர் வேண்டாம் என்றார். குழுவில் ரூ.24,000 உள்கடன் வாங்கி ஒரு பழைய கேமரா எடுத்தார். ஒரு சின்னப் பட்டறையில் முதல் ஆர்டர் கிடைத்தது. சந்தோஷத்தில் அட்வான்ஸ் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தார். "இந்த இடம் மாத்துங்க, அந்தப் பாட்டு மாத்துங்க" என்று 5 முறை மாற்றினார்கள். கடைசியில் முழு வீடியோவையும் கொடுத்துவிட்டு வந்தார். பணம் "அடுத்த வாரம்" என்றார்கள். 4 மாதம் அடுத்த வாரமாகவே ஓடியது. குழுத் தவணை நிற்கக் கூடாது என்று காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினார்.

கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னபோது தலைவி கேட்டார்: "ஏனம்மிணி, எழுத்துல என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க்கா. போன்ல பேசினது தானுங்க."

"பத்து ரூபா சேமிப்புக்கே தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கறோம். எட்டாயிரம் ரூபா வேலைக்கு ஒரு சீட்டு இல்லியா கண்ணு?"

இரண்டு உறுப்பினர்கள் துணைக்குப் போய் மரியாதையாகப் பேசியதில் பாதிப் பணம் வந்தது. மீதி இன்று வரை வரவில்லை. தோட்டை மீட்டுவிட்டார். இப்போது சீட்டு எழுதாமல் அவர் கேமரா பையைத் திறப்பதில்லை.

7. சீட்டில் எழுத வேண்டியவை

ஒரு பக்கம் போதும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

• எத்தனை நிமிஷம், எந்த மொழி, எந்தத் தேதிக்குள்
• மொத்தத் தொகை. பாதி அட்வான்ஸ், முதல் பார்வைக்குக் காட்டியதும் கால் பங்கு, கடைசி வீடியோ கொடுக்கும் முன் கால் பங்கு
• திருத்தம் 2 முறை. அதற்கு மேல் தனிக் கூலி
• வீடியோ யாருக்குச் சொந்தம்? 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர் தான் உரிமையாளர். எனவே "சாம்பிளாகக் காட்ட அனுமதி உண்டு" என்று கட்டாயம் எழுதிக் கொள்ளுங்கள்

முதல் பார்வைக்குக் கொடுக்கும் காப்பியில் நடுவே உங்கள் பெயர் தெரியும்படி போடுங்கள். சினிமாப் பாட்டை அனுமதி இல்லாமல் சேர்க்காதீர்கள். திருப்பூர் கம்பெனிகளில் வெளிநாட்டு பிராண்டின் லேபிள், டிசைன் தெரியலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேலை செய்பவர் முகத்தை எடுக்கும் முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். டிரோன் பறக்க விட 2021-ஆம் வருஷ விதிகள் உள்ளன. விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் இருக்கும் பக்கம் கட்டுப்பாடு அதிகம். தெரியாமல் இறங்க வேண்டாம்.

8. சட்டம் தரும் பலம்

சிறு தொழில்களுக்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார், பான் அட்டை இருந்தால் இணையத்தில் செய்யலாம். இதற்கு அரசுக் கட்டணம் கிடையாது. வேலை எடுக்கும் முன்பே பதிந்து வையுங்கள். 2006-ஆம் வருஷக் குறு, சிறு தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவருக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் 3 மடங்கு வட்டி தர வேண்டும். புகார் செய்யும் வழியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். எடுத்த எடுப்பிலேயே சட்டம் பேச வேண்டாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணை எழுதினாலே படிக்கிறவருக்குப் புரியும்.

சகோதரிகளே, சேமிப்பு, கணக்கு, கையெழுத்து என்று நம் குழு கற்றுக் கொடுத்த ஒழுங்கு தான் இந்தத் தொழிலுக்கும் முதல். கேமராவை வாடகைக்குக் கூட எடுக்கலாம், அந்த ஒழுங்கு நம்மிடமே இருக்க வேண்டும்.

கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் ஊரைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் உள்ள பட்டறைகள் எவை? எதற்கு வீடியோ உதவும்?
2. கேமராவுக்கு உள்கடன் கேட்டு ஒருவர் வந்தால், கையில் எத்தனை ஆர்டர் இருந்தால் கொடுக்கலாம்?
3. முதல் ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் அட்வான்ஸ் கேட்காமல் இருப்பது சரியா? நம் மற்றத் தொழில்களில் என்ன செய்கிறோம்?
4. மேலே சொன்ன சீட்டைக் குழுவாக உட்கார்ந்து ஒரு முறை எழுதிப் பாருங்கள்.