காலையில் இன்ஜினைச் சூடாக்க வேண்டுமா?

மாணவர்களே, காலையில் மேருவில் சில வீட்டு வாசல்களில் கார்கள் பத்து நிமிடம் நின்றபடியே உறுமும். இது தேவையா?

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரிவர ஆவியாகாது, அதனால் காத்திருந்தார்கள். இன்றைய கார்களில் உணரி வெப்பநிலையை அளக்கிறது. அதற்கேற்ப கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

இன்ஜின் எண்ணெய் குளிரில் தடித்திருக்கும். ஆனால், நம் ஊரில் விடியற்காலையிலும் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ். அரை நிமிடத்தில் எண்ணெய் பரவிவிடும். பிறகு மெதுவாக ஓட்டுங்கள் எனப் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஓடும் இன்ஜின் அதிக பெட்ரோலை எரிப்பதால் விரைவில் சூடேறும்.

மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது உயிர்வளியைவிட ஏறத்தாழ 200 மடங்கு வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும், உயிரையே பறிக்கும்.