பூக்கும் முன்னே அறுப்போம்!



களமருதூர் பக்கம் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு உறுப்பினர் கேட்டார்: "கடன் வாங்கி மாடு வாங்கியாச்சு. தை பொறந்தா வரப்புல புல்லே இல்ல. பால் குறைஞ்சா தவணையை எப்படிக் கட்டுறது?" நம்மில் பலருக்கும் இதே கவலைதான்.

வரப்புப் புல் ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது? மழையில் முளைத்த புல், ஈரம் காய்வதற்குள் பூத்து விதை போடப் பார்க்கும். பூ வந்துவிட்டால் புது இலை குறையும். தண்டு முற்றி நார் ஏறும், புரதச்சத்து இறங்கும். மாடு வயிறு நிறையத் தின்றாலும் பால் ஏறாது.

அதனால்தான் தீவனப்புல் ரகம் உருவாக்குகிறவர்கள், இலை அதிகமா, தூர் கட்டுகிறதா, அறுத்தபின் துளிர்க்கிறதா, சீக்கிரம் பூக்காமல் இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ-4 அப்படி வந்த புல். கம்பையும் நேப்பியர் புல்லையும் சேர்த்த ஒட்டு ரகம். கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, இதற்கு 21. அவை சரியாக ஜோடி சேராததால், பூத்தாலும் விதை பிடிக்காது. ஆகவே "கோ-4 விதை" என்று யாராவது பொட்டலம் விற்றால் ஏமாறாதீர்கள். கரணைதான் நடவேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கிணற்றுத் தண்ணீர் இருந்தால் 10 சென்டில் தொடங்குங்கள். 60 செ.மீ. பார், செடிக்குச் செடி 50 செ.மீ. சென்டுக்குச் சுமார் 135 இருபருக் கரணை ஆகும்.

2. முதல் அறுப்பு 75-80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. பகல் குறையும் கார்த்திகை, மார்கழியில் பூ எட்டிப் பார்க்கும். அப்போது நாள் தள்ளாதீர்கள்.

3. மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் போடுங்கள். புரதம் கிடைக்கும்.

4. சோளத்துக்கு மட்டும் இது நேர்மாறு. இளம் சோளப் பயிரில் நஞ்சு உண்டு. பூத்த பிறகே அறுத்துப் போடுங்கள்.

5. தண்ணீர் இல்லாதவர்கள் மானாவாரியில் கொழுக்கட்டைப் புல் விதைக்கலாம்.

ஒரு வரிசையை மட்டும் அறுக்காமல் முற்ற விடுங்கள். அந்தக் கரணை அடுத்த உறுப்பினருக்கு. பத்துப் பேர் தோட்டத்துக்கும் இப்படியே புல் போய்ச் சேரும்.

கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவில் எத்தனை மாடு? கோடையில் எத்தனை நாள் பசும்புல் இல்லை? முதல் கரணையை யார் நடுவது?