நர்ஸ் மகள் அமெரிக்கா போகிறாளா? எந்தக் காகிதம் முதலில்?

போன மாதம் ஓர் அண்ணாச்சி என் வைத்தியசாலைக்கு வந்தார். வயது அறுபத்திரண்டு. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நெஞ்செரிச்சல் தாங்கல டாக்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல" என்றார்.

நாடி பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. காரம், புளி, காபி எல்லாம் விசாரித்தேன். அதிலே பெரிய தப்பில்லை. "மனசுல என்ன அண்ணாச்சி?" என்று கேட்டதும் மனிதர் உடைந்து விட்டார்.

ஒரே மகள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. அமெரிக்க நர்ஸ் பரீட்சையும் பாஸ். "ஒரு வருஷத்துல கிரீன் கார்டு" என்று சொன்ன ஏஜென்டிடம் நாலு லட்சம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டம்மாவின் செயின் அடகில். 'விசா ஸ்கிரீன்' என்ற சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டரை வருடமாக விசா மட்டும் வரவில்லை. "இதோ வந்துடும்னு மாப்பிள்ளை பார்க்கறதையும் தள்ளிப் போட்டுட்டோம்" என்றார்.

"வரிசைத் தேதி என்ன அண்ணாச்சி?"

"அப்படின்னா?"

நோய் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் அக்கா மகளும் நர்ஸ்தான். அவளுக்காக இந்தக் காகிதங்களோடு மூன்று வருடம் அலைந்தவன் நான். எங்கள் வைத்தியத்தில் பல நோய்களுக்கு முதலில் கழிச்சல் மருந்து. பிறகுதான் மூல மருந்து. முறை மாறினால் நல்ல மருந்தும் பலன் தராது. காகிதமும் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் ஒரு நர்ஸ் இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பரீட்சை வேறு, சான்றிதழ் வேறு

பலரும் இந்த இரண்டையும் குழப்பிக் கொள்கிறார்கள். என்சிலெக்ஸ் ஆர்.என். என்பது அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க லைசென்ஸ் தருவதற்கான பரீட்சை. கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். சென்னையிலேயே எழுதலாம்.

விசா ஸ்கிரீன் என்பது குடியேற்றச் சட்டம் கேட்கும் சான்றிதழ். 1996-ல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தின் 343-வது பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. 1977-ல் தொடங்கிய சி.ஜி.எப்.என்.எஸ். என்ற அமைப்பு இதை வழங்குகிறது. 2025-ல் அந்த அமைப்பு 'ட்ரூமெரிட்' என்று பெயரை மாற்றிக் கொண்டது. பெயரைப் பார்த்து வேறு ஏதோ என்று மிரள வேண்டாம்.

அவர்கள் பார்ப்பது நான்கு விஷயம்.

ஒன்று, படிப்பு. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நர்சிங் படித்தாரா? மெடிக்கல்-சர்ஜிக்கல், பிரசவம், குழந்தை நலம், மனநலம் ஆகிய பிரிவுகளில் வகுப்பும் வார்டு பயிற்சியும் பெற்றாரா?

இரண்டு, பதிவு. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில் பதிவு மட்டும் போதாது. இடையில் சவூதியிலோ வேறு எங்கோ லைசென்ஸ் வாங்கி வேலை பார்த்திருந்தால் அங்கிருந்தும் உறுதிக் கடிதம் வேண்டும். பழையது, காலாவதியானது என்று மறைக்கக் கூடாது.

மூன்று, ஆங்கிலம். "எங்க பொண்ணு இங்கிலீஷ் மீடியத்துலதானே படிச்சா!" என்பீர்கள். செல்லாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா (கியூபெக் மாகாணம் தவிர), அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் படித்தவர்களுக்குத்தான் விலக்கு. மற்றவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபெல் போன்ற ஒரு பரீட்சை எழுத வேண்டும். இந்த மார்க் இரண்டு வருடம்தான் செல்லும்.

நான்கு, மேலே சொன்ன என்சிலெக்ஸ் போன்ற பரீட்சையில் தேர்ச்சி.

ஒன்றை மறக்காதீர்கள். படிப்பு, பதிவு விவரங்கள் அந்தந்தக் கல்லூரி, பல்கலைக்கழகம், கவுன்சிலிலிருந்து நேரடியாகப் போக வேண்டும். நீங்கள் கவர் ஒட்டி அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். கல்லூரி கிளார்க்கிடம் நாலு தடவை நடக்கத்தான் வேண்டும். அலுத்துக் கொள்ளாதீர்கள்.

நம்ம ஊர் இனிஷியல் தலைவலி

அண்ணாச்சி மகளின் சான்றிதழ் ஒரு வருடம் நின்றதற்குக் காரணம் பெயர். உதாரணத்துக்கு செல்வி என்று ஒரு பெண்ணை எடுத்துக் கொள்வோம். மார்க் ஷீட்டில் 'கே. செல்வி'. கவுன்சில் பதிவில் 'செல்வி கே.'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'செல்வி கந்தசாமி'. கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயர் வேறு. நமக்கு எல்லாம் ஒரே செல்விதான். அவர்களுக்கு நாலு பேர்!

பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இல்லை என்றால் பரீட்சை ஹாலிலேயே திருப்பி அனுப்பி விடுவார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்பி வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அதற்குச் சட்டப்படியான ஆதாரத்தை முதலிலேயே தயார் செய்யுங்கள்.

முதலில் வரிசை, பிறகு சான்றிதழ்

இப்போது வரிசைத் தேதிக்கு வருகிறேன். நர்ஸ்கள் பெரும்பாலும் 'இ.பி.-3' என்ற வேலைவாய்ப்புப் பிரிவில்தான் கிரீன் கார்டு பெறுகிறார்கள். வேலை தரும் அமெரிக்க மருத்துவமனை 'ஐ-140' என்ற மனுவைப் போட வேண்டும். நர்ஸ்களைப் பொறுத்தவரை அந்த மனு போய்ச் சேர்ந்த நாள்தான் வரிசைத் தேதி. மனு போடவில்லை என்றால் நீங்கள் வரிசையிலேயே இல்லை!

எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்கள் ஏராளம் என்பதால் இந்தப் பிரிவில் காத்திருப்பு பத்து வருடத்தையும் தாண்டுகிறது. கணவன் வேறு நாட்டில் பிறந்தவர் என்றால் அந்த நாட்டுக் கணக்கில் கேட்கலாம். நம் வீடுகளில் அது அபூர்வம்.

விசா ஸ்கிரீனோ ஐந்து வருடம்தான் செல்லும். அது தேவைப்படுவது கடைசியில், விசா கொடுக்கும் கட்டத்தில். மனு போட என்சிலெக்ஸ் தேர்ச்சிக் கடிதமே போதும். அண்ணாச்சி வீட்டில் நடந்தது என்ன? கடைசியில் வாங்க வேண்டிய சான்றிதழை முதலில் வாங்கிவிட்டார்கள். முதலில் போட வேண்டிய மனுவை யாரும் போடவே இல்லை. வரிசையில் ஏறாமலே இரண்டரை வருடம் காத்திருந்திருக்கிறார்கள்.

ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை

"ஐ-140 போட்டாச்சா? ரசீது எங்கே? அதில் வரிசைத் தேதி என்ன?" இந்த மூன்றையும் கேளுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் எந்தத் தேதி வரை அழைக்கிறார்கள் என்று இலவசமாகவே பார்க்கலாம்.

ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை ஈ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அசல் சான்றிதழ்களை எந்த ஏஜென்டிடமும் விட்டு வைக்காதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

உடம்புக்கும் ஒரு ஃபைல்

கடைசியில் தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனை உண்டு. என்னைப் போன்றவர்கள் தரும் சர்டிபிகேட் அங்கே செல்லாது. காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். தடுப்பூசி விவரமும் கேட்பார்கள். சின்ன வயது தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். சித்த மருந்து சாப்பிட்டு வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அண்ணாச்சிக்கு மருந்து கொடுத்தேன். அதோடு, "மகளை என்கிட்ட பேசச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் கெட்டிக்காரி. அசல்களைத் திரும்ப வாங்கிவிட்டாள். நேரடியாக மனு போடும் மருத்துவமனைகளைத் தேடி எழுதிக் கொண்டிருக்கிறாள். வரிசை நீளம் என்று தெரிந்ததும், "அதுவரைக்கும் கல்யாணத்தை ஏன்பா நிறுத்தணும்?" என்று அவளே கேட்டாளாம். கொடுத்த பணத்தில் பாதிகூட இன்னும் திரும்பவில்லை. ஆனால் அண்ணாச்சி இப்போது காலை ஐந்து மணி வரை தூங்குகிறார்.

உங்கள் வீட்டு நர்ஸிடம் இன்றைக்கே கேளுங்கள்: "அம்மா, உன் வரிசைத் தேதி என்ன?"